கொக்கியும் தராசுக் கோலும் ஒரே மூச்சில்

தீபத்தன்று சாயங்காலம், மலையுச்சியில் ஜோதி தெரிந்த அதே நொடியில், நீ மூட்டைக் கொக்கியால் என் இடது கையைக் கிழித்தாய். நான் தராசுக் கோலால் உன் இடது காதின் மேல் அடித்தேன். நடந்தது இவ்வளவுதான். யார் முந்தி, யார் பிந்தி என்பதெல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்ட பேச்சு.

அந்தக் கொக்கி இப்போது என் மேசை மேல் இருக்கிறது. மரப்பிடி உன் வியர்வையில் கறுத்து, கட்டைவிரல் பதியும் இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. கடைசிவரை முனையைத் தீட்டித்தான் வைத்திருந்தாய் போலிருக்கிறது. கடிதக் கட்டின் மேல் வைத்தேன், நான்கு தாள் கிழிந்துவிட்டது. சணல் வாசனையும், ரசீதில் வேர்க்கடலை என்று எழுதுகிற மல்லாட்டையின் எண்ணெய் வாசனையும் அதிலிருந்து வருகிறது. என் இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பன்னிரண்டு வருஷமாக மடங்குவதில்லை. இந்த வாசனைக்கு இரண்டும் மடங்கப் பார்க்கின்றன.

நேற்று உன் காரியம் முடிந்தது. இன்று காலையில் உன் வீட்டுக்காரி கன்னியம்மா மண்டிக்கு வந்து இதை வைத்துவிட்டுப் போனாள். எப்படி வைத்தாள், என்ன பேசி வைத்தாள் என்பதை உனக்குச் சொல்லத்தான் எழுதுகிறேன். உனக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தால் நான் இவ்வளவு துணிந்து எழுதியிருக்க மாட்டேன்.

ஆறு வருஷம் நாம் ஒரு ஜோடி. நான் போளூர்ப் பக்கத்திலிருந்து கட்டின வேட்டியோடு வந்து இறங்கினவன். நீ இந்த ஊர்க்காரன், என்னைவிட இரண்டு வயது பெரியவன். பருப்பு மூட்டையை ஒரு ஆள் தூக்க முடியாது. இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன், ஆளுக்கொரு கொக்கி. நீ "ம்" என்பாய். அந்த "ம்" வாயைவிட்டு முழுசாக வெளியே வருவதற்குள் மூட்டை இடுப்புக்கு வந்திருக்க வேண்டும். ஒருவன் அரை மூச்சு முந்தினால் மற்றவன் இடுப்பு போச்சு. முதல் மாதம் நான் முந்திக்கொண்டே இருந்தேன். ஒருநாள் முதுகு பிடித்துக்கொண்டு நீ மூட்டை மேலேயே கவிழ்ந்து படுத்துவிட்டாய். திட்டுவாய் என்று நின்றேன். "மூட்டையப் பாக்காத. என் மூச்சக் கேளு" என்று மட்டும் சொன்னாய். அதற்கப்புறம் நாம் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. லாரியில் ஏறும் மூட்டையைப் பார்த்தால் இரண்டு பேர் தூக்குகிற மாதிரியே இருக்காது என்று மற்ற ஜோடிகள் சொல்வார்கள்.

அப்புறம் நான் தரையில் சிந்தின மல்லாட்டையைக் கூட்டி வாங்கி விற்க ஆரம்பித்தேன். அதிலிருந்து ஒரு தராசு, அதிலிருந்து உட்கார்ந்து வியாபாரம் செய்ய ஒரு பலகை, அதிலிருந்து சொந்த மண்டி. நீ என் மண்டியிலேயே மூட்டைக்காரர்களுக்கு மேஸ்திரி ஆனாய். ஒரே வாசலில் நான் உட்கார்ந்தேன், நீ நின்றாய். அதுதான் வினை.

மூட்டைக்கு ஒரு அணாவை ஒன்றரை அணா ஆக்கச் சொல்லி நீங்கள் வேலையை நிறுத்தினீர்கள். ஒன்பது நாள் பொறுத்தேன். பத்தாம் நாள் தீபம். செங்கம் பக்கத்திலிருந்து எட்டுப் பேரைப் பழைய கூலிக்கே கூட்டிவந்து, தீபத்தன்று மத்தியானமே லாரியை வாசலில் நிறுத்தினேன். ஊர் முழுக்க ஜனம் கோயில் பக்கம் போகும், எவனும் தகராறுக்கு வரமாட்டான் என்பது என் கணக்கு. நீ வருவாய் என்பதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

நீ வந்தபோது எட்டுப் பேரும் மூட்டையை அப்படியே போட்டுவிட்டு மலைப்பக்கம் திரும்பி நின்றார்கள். ஆறு மணி நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் இந்த ஊர்த் தெருவில் முகம் என்று ஒன்றைப் பார்க்க முடியாது, எல்லாம் பின்மண்டைதான். லாரிக்கும் மண்டிச் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒருவரை ஒருவர் பார்த்து நின்றவர்கள் நாம் இரண்டு பேர் மட்டும். நான் தராசைக் கழற்றி, இரும்புக் கோலைக் கையில் வைத்திருந்தேன்.

"தீபத்தன்னிக்கும் லோடா, முதலாளி?" என்றாய். 'முதலாளி'யைக் காறித் துப்புகிற மாதிரி சொன்னாய்.

எண்ணெய் மில்காரன் தீபம் பார்த்துக்கொண்டு காத்திருக்க மாட்டான் என்றேன். ஒரு அணாவுக்கு ஆள் கிடைக்கும்போது ஒன்றரை அணா எதற்கு என்றும் கேட்டேன்.

"உன் முதுகுல பாதி என்னுதுடா. அத வித்துத்தான் இந்த மண்டிய வச்ச."

"முதுகு உன்னுதா இருக்கட்டும். மூளை என்னுது" என்றேன்.

அந்த அடிக்குக்கூட நான் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. அந்தப் பேச்சுக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் எழும்பியது. தெரு, மாடி, மதில் என்று எல்லாம் ஒரே தொண்டையாக அரோகரா என்றது. உன் கை கிளம்பியது, என் கை கிளம்பியது. ஆறு வருஷம் உன் "ம்"முக்குக் கிளம்பிப் பழகின கைகள். அன்றைக்கு ஊரே சேர்ந்து "ம்" சொன்னது.

கொக்கி என் முழங்கைக்குக் கீழே இறங்கியது. நீ இழுத்த இழுப்பில் மணிக்கட்டுவரை வந்தது. உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்தது. கோல் உன் மண்டையில் பட்ட அதிர்ச்சி என் தோள்வரை ஏறியது, ஆனால் பட்ட சத்தம் எனக்குக் கேட்கவில்லை. நீ விழவில்லை. காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்க, இரண்டு கையாலும் என் தொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினாய். நான் உன் கட்டைவிரலைக் கடித்தேன். பல்லில் எலும்பு தட்டியது. முழங்காலால் உன் அடிவயிற்றில் இடித்தேன். இருவரும் கொட்டிக் கிடந்த மல்லாட்டை மேல் உருண்டோம். ஓடுகள் முதுகுக்கடியில் நொறுங்கின. என் ஒரு கண் தெருவைப் பார்த்தது. அத்தனை பேரும் கையைத் தலைக்குமேல் கூப்பி, கண்ணில் நீர் வழிய மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தலை திரும்பவில்லை. அகல் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பின்வாங்கி நம் ரத்தத்தில் கால் வைத்து அலறினபிறகுதான் நம்மைப் பிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் உனக்கும் எனக்கும் அடுத்தடுத்த கட்டில். நடுவில் ஒரு துணித் தடுப்பு. ஏட்டையா முதலில் என்னிடம் வந்தார். சாட்சி ஒருவர்கூட இல்லை, எல்லாரும் ஜோதியைப் பார்த்ததாகச் சொல்கிறார்கள், நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டார். நான் யோசிப்பதைப் பார்த்து அவரே எடுத்துக் கொடுத்தார்: மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது குத்தினான் என்று எழுதிக்கொள்ளட்டுமா? நான் "ம்" என்றேன்.

நான் வியாபாரி. சொல்லைக்கூட எடை பார்த்துத்தான் எடுப்பேன். அன்று படுத்தபடியே அந்தச் சொல்லை எடை போட்டேன். ஒன்று நடந்துகொண்டிருந்தபோது இன்னொன்று நடந்தது என்றால், ஒருவன் தன்பாட்டுக்கு இருந்தவன் ஆகிறான், மற்றவன் மேலே வந்து விழுந்தவன் ஆகிறான். 'பார்த்ததும் அடித்தான்' என்றால் பார்த்தது முந்திவிடுகிறது. 'அடித்த கையோடு ஓடினான்' என்றால் அடி முந்திவிடுகிறது. கூடவே என்றாலும், உடனே என்றாலும், அதற்குள் என்றாலும் எதிலும் ஒன்று நூல் அளவாவது முன்னால் நிற்கிறது. நமக்கு நடந்ததைச் சொல்ல என் கடையில் சரக்கு இல்லை. இருந்ததில் எனக்கு லாபமானதை எடுத்தேன். அதற்கு உனக்கு ஏழு வருஷம் ஜெயில்கூடக் கிடைக்கலாம் என்று தெரிந்தே எடுத்தேன்.

ஆனால் துணித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ என்ன சொன்னாய் என்பது எனக்குத் தெரியாது.

கோர்ட்டில் இரண்டு கேஸையும் ஒன்றாக எடுத்தார்கள், நான் கொடுத்தது ஒன்று, நீ கொடுத்தது ஒன்று. என் வாக்குமூலத்தை வாசித்தார்கள்: மலை நோக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது குத்தினார். அடுத்து உன்னுடையது: "நான் கும்பிட்டுக்கினு இருக்கசொல்ல கோலால அடிச்சிட்டாருங்க." மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தால் இரண்டு பேரையும் அடித்தது யார், அண்ணாமலையாரே இறங்கி வந்தாரா என்று கேட்டார். கோர்ட்டே சிரித்தது. இந்த ஊர்க்காரன் பொய் சொன்னால்கூட மலையைப் பார்த்துத்தான் சொல்வான் என்று பின்னால் யாரோ முனகினார்கள். நான் உன்னைப் பார்த்தேன். தலையில் கட்டோடு நின்ற நீ, அந்த நாளுக்கப்புறம் முதன்முதலாக என்னைப் பார்த்தாய்.

சிரிப்பு அடங்கினதும் மாஜிஸ்திரேட் உன்னை உண்மையைச் சொல்லச் சொன்னார். அவர் கேட்டது உனக்கு எட்டவில்லை. வலது காதைத் திருப்பி இரண்டாம் தரம் கேட்டாய். அப்போதுதான் எனக்கு உன் காது போனது தெரிந்தது.

"ஒண்ணாத்தாங்க" என்றாய். "மூட்டை தூக்குறாப்பல."

மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார். நான் மறுத்திருந்தால் உன் கதை முடிந்திருக்கும். நான் கடை வைத்திருப்பவன், என் பேச்சுக்கு அங்கே மதிப்பு ஜாஸ்தி. அதை வக்கீல் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். "ஆமாங்க" என்றேன். எழுத்தர் அதை ஏககாலத்தில் என்று எழுதினார். எத்தனை பெரிய சொல். நீ அதைவிட நன்றாகச் சொன்னாய்.

ராஜியாகப் போகச் சொன்னார்கள், போனோம். கோர்ட்டுப் படியிலேயே ஒன்றரை அணா என்று முடித்தேன். கையைக் குலுக்கவில்லை. நான் கடித்த உன் கட்டைவிரல் அப்போது குலுக்குகிற நிலையில் இல்லை.

அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் நீ என் வாசலில் மேஸ்திரியாகவே இருந்தாய். அணா போய் நயா பைசா வந்தது. ஒருநாள்கூட நாம் அந்தச் சந்தில் நடந்ததைப் பற்றிப் பேசவில்லை. நீ எப்போதும் ஆட்கள் உன் வலப்பக்கம் இருக்கிற மாதிரி நிற்பாய். புதிதாக வந்தவர்கள் அதைத் தோரணை என்று நினைத்தார்கள். ஒவ்வொரு தீபத்துக்கும் மண்டி வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஜோதி பார்ப்போம். சத்தம் எழும்பும்போது உன் கை ஒருமுறை உதறும். என் கையும்.

போன மாதம் கிடங்கில் மூட்டை அடுக்கின அட்டி சரிந்தது. பத்து வரிசைதான் அடுக்குவது வழக்கம். இன்னொரு கிடங்குக்கு வாடகை கொடுக்க மனமில்லாமல் பதினான்கு வரிசை ஏற்றச் சொன்னவன் நான். நீ வேண்டாம் என்றாய், நான் ஏற்று என்றேன். நீ அட்டியை இடப்பக்கமாக வைத்து நின்றுகொண்டிருந்தாய். வலப்பக்கம் வாசலில் லாரி எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. மேல் வரிசை மூட்டை ஒன்று பிதுங்கியதைப் பார்த்து மேலே இருந்தவர்கள் கத்தினார்கள். கீழே நின்ற நாலு பேரும் தாவி வெளியே விழுந்தார்கள். நீ மட்டும் நின்றாய். நான் வாசற்படியில் இருந்தேன், பார்த்தேன். கத்தலுக்கும் சரிவுக்கும் நடுவில் ஒரு முழு மூச்சு இருந்தது. ஒரு மூட்டையை நாம் தூக்கி முடித்திருக்கக்கூடிய மூச்சு. அதற்குப் பிறகு தூசியும் சத்தமும்தான். மூட்டைகளை இழுத்துப் போட்டு உன்னை எடுத்தபோது மார்பு உள்வாங்கியிருந்தது. வாயிலும் மூக்கிலும் பருப்பு அடைத்திருந்தது. நான்தான் விரல் விட்டு எடுத்தேன், மடங்காத இந்த விரலால்.

போலீஸிலிருந்து விசாரிக்க வந்தார்கள். என் மண்டிக் கணக்குப்பிள்ளை என் காதோடு சொன்னான்: கத்தினோம், நகரவில்லை என்று சொல்லிவிடுங்கள், அதில் பொய் ஒன்றும் இல்லையே. அதில் பொய் இல்லைதான். ஏட்டையாவுக்குச் சொன்ன அதே "ம்"மைச் சொன்னேன். உன் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

மூட்டைக்காரர்கள் உன் வீட்டில் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்கள். கத்தினதும் சரிந்ததும் ஒன்றாகத்தான், யார் நின்றிருந்தாலும் தப்பியிருக்க முடியாது என்று. நல்ல மனசோடு சொன்ன பொய். ஒருகாலத்தில் நம் இரண்டு பேரையும் காப்பாற்றின அதே வார்த்தை, அன்றைக்கு நிஜம், இன்றைக்குப் பொய்.

கன்னியம்மா இன்று வந்தபோது உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. முந்தானைக்குள்ளிருந்து கொக்கியை எடுத்து, பிடியை நீ பிடிக்கிற மாதிரியே பிடித்துக்கொண்டு நின்றாள். கணக்குப்பிள்ளை எழுந்து கதவோரம் போய்விட்டான்.

"கவனமில்லாம நின்னு செத்தான்னு பேப்பர்ல எழுதிக்கீறீங்க. ஆளுங்க எல்லாம் ஒண்ணா நடந்துதுன்றாங்க. எது நிஜம்?"

தொகை ஒன்று யோசித்து வைத்திருந்தேன், அதைச் சொல்ல ஆரம்பித்தேன். கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க என்றாள்.

ஒன்றாக நடந்தது என்று சொல்லியிருந்தால் அது விதியாகப் போயிருக்கும். அவளும் அழுதுகொண்டு போயிருப்பாள். கத்தினோம், நகரவில்லை என்று சொல்லியிருந்தால் உன் தலையில் முடிந்திருக்கும். இரண்டுமே எனக்கு லாபம். வாயைத் திறந்தால் இரண்டுமே வரவில்லை.

"கத்துனது முன்னாடி, சரிஞ்சது பின்னாடி" என்றேன். "நடுவுல அவன் தப்பிக்கிற அளவுக்கு நேரம் இருந்துச்சும்மா. அந்தக் கத்தல் அவன் காதுல ஏறல. அந்தக் காத ஒடச்சது நான். பதினாலு வரிசை ஏத்தச் சொன்னதும் நான்."

அவள் என் கையைப் பார்த்தாள், அந்தத் தழும்பை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "பன்னெண்டு வருசமா அந்தாண்ட காதுல நான் பேசுனது எதுவும் அவருக்குக் கேட்டதில்ல. எனக்குத் தெரியாதா? உங்க வாயால வரணும்."

"சொல்லாம இருந்தா?"

"சொல்லிட்டீங்களே" என்று கொக்கியை மேசை மேல் வைத்தாள். முனை என் பக்கம் இருந்தது. திருப்பி வைக்கவில்லை. நானும் திருப்பவில்லை.

பேரம் அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. நீ இருந்திருந்தால் ரசித்திருப்பாய். என்னிடம் இப்படிப் பேரம் பேசினவர்களை நான் இந்த மண்டியில் பார்த்ததில்லை. என் தொகையைத் தொடக்கூட இல்லை. மூட்டைக்கு இப்போதிருக்கும் பன்னிரண்டு பைசாவை இருபதாக்கச் சொன்னாள், தனக்கல்ல, எல்லாருக்கும். பதினைந்து என்றேன். அவர் செத்தது பதினைந்துக்கா என்று கேட்டாள். கணக்குப்பிள்ளை இருமினான். அவனை வெளியே போகச் சொன்னேன்.

பேரப்படி நாளைக்குக் காலையில் மூட்டைக்காரர்கள் எல்லாரையும் வாசலில் நிறுத்தி, அவளிடம் சொன்னதை நான் மறுபடி சொல்ல வேண்டும். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய் அந்தப் பேப்பரைத் திருத்தி எழுதித் தர வேண்டும். என்ன வரும் என்று தெரியும், கோர்ட்டுப் படியை இன்னொருமுறை ஏற வேண்டியிருக்கலாம். இந்தத் தடவை எனக்குப் பக்கத்தில் நிற்க நீ இல்லை. கொக்கியை என் பலகைக்கு எதிர்ச் சுவரில், உட்கார்ந்தால் கண்ணில் படுகிற உயரத்தில் ஆணி அடித்து மாட்டச் சொல்லியிருக்கிறேன். அது பேரத்தில் இல்லை. அது நானே சேர்த்துக்கொண்டது.

இந்த வருஷம் தீபத்துக்கு வாசலில் தனியாகத்தான் நிற்பேன். சத்தம் எழும்பும்போது என் கை உதறும். பக்கத்தில் உதற இன்னொரு கை இருக்காது. நீ என்னிடம் விட்டுப்போனது அதுதான், இன்னொருவன் மூச்சுக்குக் கிளம்புகிற ஒரு கை.

முடிந்த பேச்சு இது. மூட்டைக்குப் பதினெட்டு பைசா. அதில் ஒரு பைசா மேஸ்திரி பங்கு, மண்டி இருக்கிறவரை கன்னியம்மா கையில். அட்டி ஒன்பது வரிசைக்கு மேல் ஏறக்கூடாது. அட்டிக்குப் பக்கத்தில் ஆள் நிற்கும்போது வாசலில் எந்த லாரியின் எஞ்சினும் ஓடக்கூடாது.